கூடைப்பந்துக் கம்பம்

முத்தையாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள் ஈவாஞ்சலின். நாசரேத்துக்காரி. தாளாளர் தேவபிரசாதம் அவள் போகும் சபையில் பெரியவர். அந்த வேலையே அவர் கொடுத்ததுதான்.

ஆடிக் காற்று வீசிய ஒரு மத்தியானம், மைதானத்துக் கூடைப்பந்துக் கம்பம் சாய்ந்து எட்டாம் வகுப்பு சண்முகப்ரியாவின் காலில் விழுந்தது. உப்புக் காற்றில் கம்பத்தின் அடி துருவேறி அரித்துப்போயிருந்தது. ஈவாஞ்சலின் அதை முன்பே தாளாளரிடம் சொல்லியிருந்தாள். லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். ஆனாலும் பிள்ளைகளை அங்கே விளையாட விட்டவள் அவள்தான். சண்முகப்ரியாவைத் தூக்கியபோது எலும்பு முறிந்திருப்பது கைக்கே தெரிந்தது.

சாயந்திரம் தாளாளர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"பிள்ள கம்பத்துல தொங்குச்சுன்னு சொல்லிருங்க டீச்சர். இல்லேன்னா போலீஸ் மொதல்ல உங்களத்தான் கூப்பிடும்."

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றாலே போலீஸோ என்று ஜன்னலுக்கு ஓடினாள். சின்னப்பிள்ளை தொங்கியது என்று சொன்னால் யார் அதைக் குற்றமாக எடுக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பயந்து பயந்துதான் போனாள். பிள்ளையின் அம்மா சந்தனமாரி, உப்பளத்தில் வேலை செய்பவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். மகள் சேட்டை பண்ணியதால்தான் இப்படி ஆனது என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னதாகவும், அதைக் கேட்டு மகளை ஏசிவிட்டதாகவும் சொன்னாள். சண்முகப்ரியா சுவரைப் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

"நெசமாவே தொங்குனாளா டீச்சர்?"

ஈவாஞ்சலினுக்குப் பள்ளியிலிருந்து வந்த ஆளின் நினைவு வந்தது. யாராவது நிற்கிறார்களா என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லக்கா. பந்து எடுக்கத்தான் போனா. கம்பம் தானா விழுந்துச்சு."

சந்தனமாரி பள்ளியின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டாள். ஈவாஞ்சலினைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவள் வேலை போயிருந்தது, சபையில் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதையும் விட்டிருந்தார்கள். கூண்டில் ஏறியபோது தாளாளர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள். கம்பத்தைப் பற்றி எச்சரித்ததையும், அதன் பிறகும் பிள்ளைகளை விளையாட விட்டதையும் மறைக்கவில்லை. தன்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்றே நினைத்தாள்.

தீர்ப்பு பள்ளியின் மேல்தான் பொறுப்பைப் போட்டது. பிள்ளை தொங்கியே இருந்தாலும் தீர்ப்பு மாறாது, பிள்ளைகள் தொங்கத்தான் செய்வார்கள், அதைத் தாங்குகிற மாதிரி கம்பத்தை வைத்திருக்க வேண்டியது பள்ளியின் கடமை என்றார் நீதிபதி. அதைக் கேட்ட பிறகுதான் ஈவாஞ்சலினுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொய்யை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்த்தோமே என்று நினைத்து நினைத்து நடுங்கினாள்.

இப்போது சாத்தான்குளம் பக்கம் வேறொரு பள்ளியில் இருக்கிறாள். மைதானத்தில் திடீரென்று சத்தம் எழுந்தால் இன்றும் பதறிக்கொண்டு ஓடுவாள். பெரும்பாலும் அது பிள்ளைகள் சிரிக்கிற சத்தம்தான்.