எனக்கு எர்கோபோபியா

வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புதிதாய்க் கண்டுபிடித்ததுபோல வந்து சொல்லத் தேவையில்லை. கிண்ணியாவில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "வெளிநாட்டால வந்த அந்தப் பொம்புள சரியான பஞ்சி." ஓம், பஞ்சிதான், சோம்பேறிதான். அதற்கென்ன இப்போ?

மூன்று தடவை வெளிநாடு போய் வந்தவள் நான். பன்னிரண்டு வருசம் அரபு வீடுகளில் வீட்டுவேலை. "கத்தாமா", வேலைக்காரி, என்று மேடம் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடி என் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. குளோரின் போட்டு மாபிள் தரை தேய்த்த கையில் ரேகையே இல்லை. கடைசியாய்த் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் விரலடையாளம் எடுத்த அதிகாரி என் விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்திப் பார்த்தார். இயந்திரம் என்னை ஓர் ஆளாகவே எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். முதல் இரண்டு பயணத்தில் மூத்த மகளுக்கு வீடு எழும்பியது. மூன்றாவதில் இளையவளின் வீட்டுக்கு அத்திவாரமும் லிண்டல் மட்டத்துக்குச் சுவரும் வந்தன. கூரை இல்லை. மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது. அந்தக் கூரைக்காகத்தான் என்னை நாலாவது தடவையும் அனுப்பப் பார்த்தார்கள்.

நான் வந்த கிழமையே கடைத்தெருவுக்குப் போய், கை வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்று வாங்கினேன். முற்றத்து வேப்பமரத்தடியில் போட்டு இருந்தேன். இருந்ததுதான், எழும்பவில்லை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு வீட்டுக்கு நடுவில் கடல் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் நாட்கணக்காய் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலைப் பார்த்து யாரும் பஞ்சி என்று சொல்வதில்லை. தூரத்திலிருந்து வந்தது, நிற்கட்டும் என்பார்கள்.

சமைக்க மாட்டேனா என்றால், சமைப்பேன். சோறும் ஒரு கறியும். இடியப்பம் பிழிய மாட்டேன், அது கடையில் விற்கிறது. முற்றம் கூட்ட மாட்டேன், வேப்பிலை விழுந்தால் விழட்டும். அயலுக்கு இது பொறுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என் மூத்த சகோதரன், காக்கா, நாள்தோறும் வந்து எதிரில் நின்று ஓதுவார்: "பொம்புளைக்கு இவ்வளவு சடைவு கூடாது, தங்கச்சி." பக்கத்தில் என் மனுசன் தலையாட்டுவார். இரண்டு பேரும் காலையில் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் பகல் சோற்றுக்குத்தான் வீடு. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை. நான் உழைத்து எழும்பிய சுவரை நின்று பார்த்ததுதான் பன்னிரண்டு வருசமாய் இவர்கள் செய்த வேலை. ஆனால் பஞ்சிக்காரி நான்!

அந்த இங்கிலீஷ் பெயரைக் கொண்டுவந்தது மூத்த மருமகன். தோப்பூரில் இங்கிலீஷ் படிப்பிக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் சோறு தின்கையில் போனைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமி, உங்கட வருத்தத்துக்கு ஒரு பேர் இருக்கு. எர்கோபோபியா. வேலை எண்டாலே பயம், வெறுப்பு. கன பேருக்குத் தெரியாத சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். மனுசனுக்குச் சிரிப்பில் புரைக்கேறி, என்னைப் பார்த்துத் தண்ணி கேட்டார். நான் எழும்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றியது. வருத்தக்காரியை, நோயாளியை, வெளிநாடு அனுப்ப ஏலாதே!

"மகன், அதத் தமிழ் எழுத்துல பெரிசா எழுதித் தாங்க" என்றேன். எழுதித் தந்தார். நாலு நாள் இருந்து பாடமாக்கினேன்.

அடுத்த கிழமை காக்கா ஏஜென்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்களை வெளிநாட்டு வேலைக்குச் சேர்த்துவிடும் ஆள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனுசன் என் பாஸ்போட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். ஏஜென்சிக்காரர் படிவத்தை விரித்தார்.

"சீனி வருத்தம் இருக்கா?"

"இல்ல."

"பிரசர்?"

"இல்ல."

"வேற ஏதும்?"

"எர்கோபோபியா."

பேனா நின்றது. "அது தொத்துற வருத்தமா?"

"ஓம். எங்கட வீட்டு ஆம்புளையளுக்கு எப்பவோ தொத்திட்டு. அந்தா நிக்கிறாங்க, பாருங்க."

குசினிக்குள் இளைய மகள் சிரித்த சத்தம் கேட்டது. "இவளுக்கு விசர்" என்றார் காக்கா.

"விசரில்ல, எர்கோபோபியா. மெடிக்கல்லயும் சொல்லுவன், எம்பசியிலயும் சொல்லுவன், அங்க போய் இறங்கினா மேடத்துக்கும் சொல்லுவன்."

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஏஜென்சிக்காரர் படிவத்தை மடிக்கவில்லை. குசினிப் பக்கம் பார்த்தார்.

"அப்ப, அந்தச் சிரிச்ச புள்ளைக்கு எத்தின வயசு?"

"இருவத்திரெண்டு" என்றார் காக்கா.

யா அல்லாஹ்! வயதைச் சொன்னார், ஏலாது என்று சொல்லவில்லை. நான் மனுசனைப் பார்த்தேன். பெற்ற வாப்பா. அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். ஏஜென்சிக்காரர் என் பெயரை வெட்டிவிட்டு மேலே எழுதத் தொடங்கினார். குசினியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் எழும்பினேன். அவர் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கினேன். மனுசனின் கையிலிருந்து பாஸ்போட்டையும் பிடுங்கினேன். குசினிக்குள் போய் இரண்டையும் அடுப்புக்குள் வைத்தேன். பாஸ்போட் மட்டை எரிய நேரமெடுத்தது. எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன். அன்று நான் செய்த ஒரே வேலை அதுதான். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார், கூரை எப்போது என்று ஆளனுப்பிக் கேட்டார்கள். "எனக்கு ஏலாது, வருத்தம்" என்று சொல்லியனுப்பினேன். சம்பந்தம் முறிந்தது. ஊர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியது. மகள் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கோபித்துக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருந்தாள், யாரோ ஒருத்தியின் குசினித் தரையில் இல்லை. அந்த நிம்மதியில் நான் நன்றாய்த் தூங்கினேன்.

ஒருநாள் காலை உள்ளேயிருந்து இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். என் கையில் பிளேன்டீயைத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"உம்மா, வேற மாப்புள பாருங்க. கூர கேக்காத ஆளா."

"கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி இப்பிடியே இருப்பம்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். பத்து விரலிலும் ரேகை இருந்தது.