மூலமட்டமும் எங்கள் சின்னவளும்

மும்பையில் எதுவும் நார்மல்தான். டீக்கடையில் ஸ்பெஷலா நார்மலா என்று கேட்பார்கள். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் தாராவியில் அது நார்மல். எங்கள் சின்னவள் முத்து மட்டும் நார்மல் இல்லையென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயதுக்கு வந்தும் சிறுபிள்ளை மனசு, குழறும் பேச்சு.

மூத்தவள் செல்வியைப் பெண் பார்க்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வருவதாகச் சேதி. ஊரிலிருந்து என் அக்கா போனில் சொன்னாள்: “ஏல, சின்னவள அன்னைக்கு மட்டும் டோம்பிவிலில மாமா வீட்ல விட்டுரு. பொறவு பாத்துக்கிடலாம்.” எங்கள் சனங்கள் செய்வதுதான். சரியென்றேன்.

செல்வி விடவில்லை. “எப்பா, நார்மல்ங்கிறது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? லத்தீன்ல நார்மான்னா உங்க பைல கெடக்க மூலமட்டம். அதுக்குச் சரியா நின்னா நார்மல். அவ்வளவுதான். தங்கச்சி வீட்ல இல்லன்னா நானும் இல்ல.”

நான் தச்சன். மூலை நேராக இருக்கிறதா என்று மூலமட்டம் வைத்துப் பார்ப்பது என் தொழில். தாராவியில் அதற்கு ஒத்து நின்ற சுவரை நான் கண்டதில்லை. அதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. பலகையைச் சுவரோடு சாய்த்து, அதன் வளைவைப் பென்சிலால் கோடிட்டு, அந்தக் கோட்டுக்கு இழைத்துப் பொருத்துகிறோம். சாமி விளக்கின் முன் நின்றேன். முருகா, தைரியம் கொடு என்று மட்டும் கேட்டேன்.

முத்துவை எங்கும் அனுப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முத்து தானாகப் போய் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வளையலைத் தடவிப் பார்த்தாள்.

“யாரு இது?” என்று கேட்டார்.

“எங்க சின்ன மவ. பேச்சு இப்படித்தான் இருக்கும், பழகுனா புரிஞ்சிரும்” என்றேன்.

அந்த அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காபியைப் பாதியிலேயே கீழே வைத்தார். “ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்” என்று எழுந்தார்கள். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, எங்கள் மௌசி, சம்பந்தம் முடிவாகிவிட்டதென்று நினைத்து எல்லோர் கையிலும் பேடா வைத்தார். “பதாயி ஹோ, பாவூ!” என்று என்னையும் வாழ்த்தினார். நானும் பேடாவை வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்காவின் போன். “அவுகளுக்கு ஒத்து வரலயாம். நான் சொன்னதக் கேட்டியால?” முத்துவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த செல்வி, சீப்பை நிறுத்தவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் நான் தெற்கே, ஊர்ச்சாமி இருக்கும் திசை பார்த்துக் கும்பிடுகிறேன். முத்து வாசல் பக்கம் திரும்பி, மௌசி வீட்டுக் கணபதிக்குக் கை கூப்புகிறாள். முன்பெல்லாம் தோளைப் பிடித்து அவளைத் தெற்கே திருப்புவேன். இப்போது திருப்புவதில்லை. முதுகோடு முதுகாக நின்று கும்பிடுகிறோம்.