எஞ்சினை நிறுத்தி ஓதியவர்

படகோட்டி என்றதும் மீசையும் அதட்டலுமாக ஓர் ஆள் உங்கள் நினைவுக்கு வந்தால், காதர் மைதீனைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். மலாய் நாட்டில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். ஒல்லி உடம்பு, எண்ணெய்க் கறை போகாத நகம், மனைவி நஜ்முன்னிசாவிடம்கூடக் கெஞ்சுகிற குரல். கோழி குறுக்கே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிடுவார். பயந்தாங்கொள்ளி என்று தெருவே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் ஒரு தோட்டத்துத் துரையின் சொந்தப் படகில் எஞ்சின் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தத் துரைக்குக் கரையில் இருப்புக் கொள்ளாது. பண்டார் ஹிலிர் பக்கம் படகேறி, பூலாவ் உப்பே, பூலாவ் பெசார் என்று தீவு தீவாகச் சுற்றுவார். ஒரு தீவில் குளிப்பார், ஒரு தீவில் மீன் பிடிப்பார், இன்னொன்றில் தென்னை நிழலில் குறட்டை விடுவார். படகைப் பார்த்துக்கொள்வது காதர் மைதீன் வேலை.

பூலாவ் பெசாரில் இறைநேசர்களான அவுலியாக்கள் அடங்கியிருக்கிறார்கள். காதர் மைதீனின் வாப்பா பாய்மரத் தோணி ஓட்டியவர். அந்தத் தீவைக் கடக்கும்போது பாயைத் தாழ்த்திவிட்டு ஒரு ஃபாத்திஹா ஓதுவாராம். மகனுக்குத் தாழ்த்தப் பாய் இல்லை, எஞ்சின்தான் இருந்தது. ஆகவே எஞ்சினை நிறுத்தினார். படகு சும்மா மிதக்கும். இவர் கையேந்தி ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு, மறுபடி எஞ்சினைக் கிளப்புவார். துரை அதற்குள் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார். அவருக்கும் பழகிப்போயிற்று.

நாற்பத்திரண்டு ஜனவரியில் துரை சிங்கப்பூருக்கு ஓடினார், ஜப்பான்காரன் வந்தான். படகையும் அதோடு சேர்த்து டிரைவரையும் ஒகாதா என்ற ராணுவ அதிகாரி எடுத்துக்கொண்டார். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடக்க, ஒகாதா ஞாயிறுதோறும் தூண்டிலோடு தீவு சுற்றினார். ஆள் மாறியதே தவிர சவாரி மாறவில்லை.

முதல் ஞாயிறு பூலாவ் பெசார் தெரிந்ததும் காதர் மைதீனின் கை தானாக எஞ்சினை நிறுத்திவிட்டது. ஏன் நின்றது என்று ஒகாதா அரைகுறை மலாயில் அதட்டினார். அவுலியா, வாப்பா, ஃபாத்திஹா எல்லாவற்றையும் இந்த மனிதரிடம் எப்படி விளக்குவது?

"பானாஸ், துவான்," என்றார். "எஞ்சின் சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறணும்."

ஒகாதா நம்பிவிட்டார். ஒன்றரை வருஷம் நம்பினார். எஞ்சின் ஆறுகிற சாக்கில் இவர் திரும்பி நின்று, உதடு அசையாமல் ஓதிக்கொண்டார்.

அதற்குள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. உஜோங் பாசிரில் காதர் மைதீனின் மச்சான் இப்ராஹீமைக் கடைவாசலிலேயே லாரியில் ஏற்றினார்கள். காதர் மைதீனை விட்டுவைத்தது ஒகாதா முத்திரை குத்திக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம், படகுக்கு இவர் தேவை என்று எழுதியது. நஜ்முன்னிசா அதை மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்தி அனுப்புவாள்.

நாற்பத்துமூன்றின் நடுவில் மொரி என்ற மெக்கானிக் சிப்பாய் படகுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஊரில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர், சிரித்த முகம். தன் சிகரெட்டில் பாதியைக் காதர் மைதீனுக்கு ஒடித்துக் கொடுப்பவர். அந்த நல்ல மனிதர்தான், இந்த எஞ்சினுக்கு நடுக்கடலில் ஆறவேண்டிய அவசியமே இல்லையே என்று கள்ளங்கபடமில்லாமல் சொல்லிவைத்தார்.

ஒகாதா காதர் மைதீனைக் கன்னத்தில் அறைந்தார். உண்மை வெளியே வந்தது. அவுலியா, வாப்பா, பாய், எல்லாம். ஒகாதா தீவைத் திரும்பிப் பார்த்தார். தங்கள் ஊர் மீனவர்களும் கடலைக் கும்பிட்டுவிட்டுத்தான் வலை இறக்குவார்கள் என்றார். ஆனாலும் பொய் பொய்தான். அடுத்த ஞாயிறு படகை மொரி ஓட்டுவார். அது முடிந்ததும் காகிதம் பறிக்கப்படும், இவர் பெயர் சயாம் பட்டியலுக்குப் போகும். அந்தக் கடைசிச் சவாரியில் மட்டும் படகை நிறுத்துவோம், நீ ஒளியாமல் ஓதிக்கொள் என்றார் ஒகாதா. கொல்லப் போகிறவன் காட்டுகிற தயவு!

அந்த ஞாயிறு மொரி எஞ்சினை நிறுத்தினார். காதர் மைதீன் முதன்முறையாக ஜப்பான்காரன் முன்னால் கையேந்தி வாய்விட்டு ஓதினார். ஒகாதா தொப்பியைக்கூடக் கழற்றினார். ஓதி முடிந்தது. மொரி எஞ்சினைக் கிளப்பினார். கிளம்பவில்லை.

பெட்ரோல் தீர்ந்து ரப்பர் எண்ணெய் ஊற்றி ஓட்டிய காலம் அது. சூட்டோடு நிறுத்தினால் எஞ்சின் சண்டித்தனம் செய்யும். காற்றுத் துளையை உள்ளங்கையால் பாதி மூடி, சக்கரத்தை ஒரு சுற்றுப் பின்னால் தள்ளி, அப்புறம் முன்னால் இழுக்க வேண்டும். வாராவாரம் ஃபாத்திஹாவுக்காக நிறுத்தி நிறுத்திக் காதர் மைதீனின் கை கண்டுபிடித்த வித்தை அது. மொரி இதற்கு முன் எங்கே நிறுத்தினார், தெரிந்துகொள்ள?

நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுத்தது. மொரி வியர்த்து வியர்த்துச் சுற்றினார். ஒகாதா அவரை அறைந்தார், பிறகு பூட்ஸ் காலால் உதைத்தார். மொரியின் உதடு கிழிந்தது. அவர் காதர் மைதீனைப் பார்த்து, "தோலோங்," என்றார். உதவி செய் என்று.

ஒரு சொல் போதும். இப்படிக் கையை வை என்று காட்டினால் மொரிக்கு அடி நிற்கும். ஆனால் வித்தை மொரிக்குத் தெரிந்துவிட்டால் இவருக்குச் சயாம்.

காதர் மைதீன் எழுந்து போனார். மொரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். தோளில் கிடந்த துண்டைக் கை மேல் தொங்கவிட்டார். இரண்டே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. பின்னால் மொரி எட்டி எட்டிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் துண்டை எடுக்கவில்லை.

காகிதம் பறிக்கப்படவில்லை. இந்த ஆள் இல்லாமல் படகு நகராது என்று ஒகாதா முடிவு கட்டிவிட்டார். படகுக்கு உதவாத மெக்கானிக்கை இரண்டே வாரத்தில் பர்மா சண்டைக்கு அனுப்பினார்கள். லாரி ஏறும்போது மொரி இவரிடம் பாதி சிகரெட்டை நீட்டினாராம், இவர் வாங்கிக்கொண்டாராம். காதர் மைதீனை நான் பயந்தாங்கொள்ளி என்றேனே, அந்தப் பாதி சிகரெட்டை மொரி கையிலிருந்து வாங்க என்னால் முடியுமா?

மொரி போன அன்று நஜ்முன்னிசா எங்கிருந்தோ ஒரு பிடி அரிசி தேடி, நேர்ச்சை என்று கஞ்சி காய்ச்சினாள். எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது காதர் மைதீன் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"குடிங்க. சயாம் தப்புனீங்கள்ல? அல்லாதான் காப்பாத்துனான்," என்றாள் அவள்.

"இதெ அவன் மேல போடாதே, நஜ்மு," என்றார் காதர் மைதீன். "துண்டெ போட்டு மறைச்சது நானு."