கூவத் தெரியாதவனின் கலைஞர் கார்டு

கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எந்தத் தெருவில் நின்றாலும், ஒரு நாளைக்கு ஒருமுறையாவது என் குரல் கேட்கும். கொய்யாப்பழ வண்டியில் வருவேன். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவரின் மொபட்டில் வருவேன். ஒரே நேரத்தில் உத்தமபாளையத்தில் உப்பும் சின்னமனூரில் தலையணையும் விற்பேன். ஆனால் நான் வீட்டில்தான் இருப்பேன். யாராவது கதவைத் தட்டினால் பின்பக்கமாகத் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பேரையும் ஊரையும் சொல்லவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் போகவில்லை. பேரும் ஊரும் எனக்குத் தெரியாமல் இல்லை.

அதன் பிறகு சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் பல வருடம் வேலை பார்த்தேன். திராட்சைக்கொடி யாரிடமும் பேரைக் கேட்பதில்லை. கல்யாணம் ஆன பிறகு, கூலி வேலையே போதுமா என்று மனைவி கேட்டாள். ஒரு தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை ஏற்றிக்கொண்டு தெருவுக்குப் போனேன். பழம் நல்ல பழம். கூவத்தான் வரவில்லை. தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறுவேன். ஒரு நாள் ஒரு அம்மா பின்னாலேயே ஓடி வந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“ஏய்யா, பழம் விக்க வந்தியா, தேர் இழுக்க வந்தியா? ஒரு சத்தங் குடுத்தா என்ன, கொறஞ்சா போயிருவ?”

அவர்களுக்கு ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தேன். சத்தம் கொடுக்கவில்லை.

செல்போன் கடைக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். பேச்சைப் போனில் பதிவு பண்ணி, பென்டிரைவில் ஏற்றி, சின்னக் குழாய் ஸ்பீக்கரில் ஓடவிடலாம். அன்று மதியம் கரண்ட் இல்லை, மோட்டார் சத்தம் இருக்காது. தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். வெளியே வந்து கேட்டபோது எனக்கே பயமாகிவிட்டது. யாரோ ஒரு தைரியசாலி, வாழ்க்கையில் எதற்கும் கூச்சப்படாதவன், என் போனுக்குள் உட்கார்ந்து திராட்சை விற்றுக்கொண்டிருந்தான்.

பிறகு கொய்யாக்காரர் கேட்டார். உப்புக்காரர் கேட்டார். மாடு தொலைந்தவர் கேட்டார். காதுகுத்து, கோயில் கொடை, ரேஷன் கடைக்குச் சரக்கு வந்த சேதி என்று எல்லாவற்றுக்கும் பேசினேன். தள்ளுவண்டியை விற்றுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

“ஒங்க வாயி ஊரெல்லாஞ் சுத்துது. வீட்டுக்கு மட்டும் வர மாட்டேங்குது” என்பாள் மனைவி.

இதைக் கலை என்று நான் நினைத்ததே இல்லை. மகள் பிளஸ் டூ முடித்து, மதுரையில் நர்சிங் படிக்க இடம் வாங்கிய வருடம்தான் நினைக்கவேண்டி வந்தது. இடம் கிடைத்தது, தங்க விடுதி கிடைக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து தினமும் மதுரைக்குப் போய் வருவது நடக்காத காரியம். ஒரு விடுதியில் மட்டும், கலைஞர்களின் பிள்ளைகளுக்கென்று சில கட்டில்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மகளே விசாரித்துக்கொண்டு வந்தாள். அதற்கு அப்பாவிடம் கலைஞர் கார்டு இருக்கவேண்டும். கார்டு வேண்டுமென்றால் தேனியில் ஒரு அலுவலகத்தில் மூன்று பேர் முன்னால் கலையைச் செய்து காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

“என்ன கேள்வி?” என்றேன்.

“ஏன் இந்தக் கலையத் தேர்ந்தெடுத்தீகன்னு கேப்பாகளாம்” என்றாள். “அப்பா, நீங்க வாயத் தொறந்தா நான் நர்சு. தொறக்கலைன்னா நானும் திராட்சைத் தோட்டந்தான்.”

பென்டிரைவையும் ஸ்பீக்கரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். அதை ஓடவிட்டால் போதும் என்பது என் திட்டம்.

மாடி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் மூன்று பேர். உறுமி அடிக்கிற ஒரு அண்ணன், கரகம் ஆடுகிற ஒரு அக்கா, நாடகத்தில் ராஜா வேடம் கட்டுகிற பெரியவர். நான் பேசாமல் இருந்ததால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள்.

“எனக்கு ஏலக்காத் தோட்டத்து வேலைக்குத்தான் போகணும்னு ஆசை” என்றார் உறுமி அண்ணன். “ஜீப்புல ஏத்திவிட்டாக. கம்பம்மெட்டு மலைரோட்டுல மூணாவது வளைவுல வாந்தி. மறுநாளும் போனேன், மறுநாளும் வாந்தி. ஜீப்புக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான். எறங்கி நடந்து வாரேன், கீழ ஒரு கொட்டுச் செட்டுல ஆள் கொறையுதுன்னாக.”

கரகாட்டக்கார அக்கா சிரித்தார்கள். “ஒமக்கு வாந்தி, எனக்கு மாமியா. வீட்டுல இருந்தா அந்த மொகத்துலயே முழிக்கணும். ஆடக் கெளம்புனா பங்குனி, சித்திர, வைகாசி மூணு மாசத்துக்குத் தப்பிச்சேன்.”

“ராஜா வேசங் கட்டுனா மொதப் பந்தியில சோறு” என்றார் பெரியவர். “மந்திரி ரெண்டாம் பந்திதான். யோசிச்சுப் பாருங்க.”

முதலில் உறுமி அண்ணனைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் உறுமினார். பிறகு அதிகாரியின் கேள்வி காதில் விழுந்தது. “சின்ன வயசுலருந்தே இசையின்னா எனக்கு உசுரு சார்” என்றார். பதிலில் ஜீப் வரவே இல்லை. அடுத்து அக்கா போனார்கள். “ஆத்தா என் கனவுல வந்து, ஏத்தா, என்னையத் தலையில தூக்கி ஆடுன்னு சொன்னா” என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. மாமியார் இருந்த இடத்தில் ஆத்தா இருந்தாள். பெரியவர், கலைத்தாய்க்குத் தொண்டு செய்யப் பிறந்ததாகச் சொன்னார். எத்தனையாவது பந்தி என்று சொல்லவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “நல்லாச் சொன்னேனா?” என்று என்னிடம் கேட்டார்கள். நன்றாகச் சொன்னீர்கள் என்று தலையாட்டினேன். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாமியார் செத்துப் பல வருடமாகிறது என்று அந்த அக்காவே சற்று முன்னால் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரிடமிருந்து தப்பிக்க ஆடுகிறார்கள் என்று கேட்டால் அவர்கள்தான் என்ன சொல்வார்கள்? கேட்கிறவர்களுக்கும் பதிலை எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.

என்னைக் கூப்பிட்டார்கள். நடுவில் அதிகாரி, ஒரு பக்கம் பாட்டு டீச்சர் அம்மா, இன்னொரு பக்கம் வயதான ஒருவர். நான் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்து ஓடவிட்டேன். ஒரு நிமிடம் கேட்டார்கள்.

“நல்லா இருக்கு. இது யார் குரல்?” என்றார் அதிகாரி.

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். நம்பவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

“அப்படின்னா நீங்களே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.”

வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து போவது தெரிந்தது. அப்படியும் வரவில்லை. அதிகாரி அடுத்த விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார்.

அறை ஓரத்தில் ஒரு இரும்பு பீரோ, சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி நின்றது. நான் அதைக் கையால் காட்டினேன். டீச்சர் அம்மாவுக்குத்தான் புரிந்தது. “கூச்சப்படுறாரு சார். பின்னாடி போய்ச் சொல்லட்டும்” என்றார்கள்.

பீரோவுக்குப் பின்னால் போனேன். முகத்துக்கு நேரே சுவர். சுவர் எதையும் கேட்காது.

“அம்மா வாங்க! அக்கா வாங்க! சுருளிப்பட்டிப் பன்னீரு, தோட்டத்துலருந்து நேரா வருது! கருகருன்னு கொத்து, கடிச்சா வாயெல்லாம் சாறு! பிள்ளைக்கு ஒரு கொத்து, பெரியவுகளுக்கு ஒரு கொத்து, கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளைக்கு ரெண்டு கொத்து! புளிச்சா என் மூஞ்சியில எறிங்க, இனிச்சா நாளைக்கும் வாங்க!”

பீரோ அதிர்ந்தது. ஓரமாக எட்டிப் பார்த்தேன். முதலில் காவலாளி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். “ஏலே, எவன்டா வண்டிய உள்ள விட்டது?” என்று அவர் கத்த, பின்னாலேயே கீழ் அலுவலகத்து அம்மா ஒருத்தர் துணிப்பையோடு வந்து, “பழம் எங்கன இருக்கு? கிலோ என்ன வெல?” என்று கேட்டார்கள். பாட்டு டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டார்கள். பழம் இல்லை என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்ப அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சரி, வெளிய வாங்க. ஏன் இந்தக் கலையைத் தேர்ந்தெடுத்தீங்க?”

“சார், இங்கன நின்னே சொல்லலாமா?”

“சொல்லுங்க.”

சொன்னேன். “ஆளுகளப் பாத்தா எனக்குப் பேச வராது சார். பேச வராததுனாலதான் பேசுற தொழிலுக்கு வந்தேன். பேச வந்திருந்தா பழம் வித்திருப்பேன்.” ஆறாம் வகுப்பையும் சொன்னேன், மோட்டார் ரூமையும் சொன்னேன், விடுதிக் கட்டிலையும் சொன்னேன். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவ்வளவு பேசியதில்லை.

அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. “இவ்வளவையும் எழுதக் கட்டத்துல இடம் இல்லீங்க” என்றார் அதிகாரி. எழுதியதைப் படித்தும் காட்டினார்: சிறு வயது முதலே கலையில் ஆர்வம்.

அடுத்து, என்ன கலை என்று குறிக்கவேண்டும். அவர்கள் பட்டியலில் கூவுவது இல்லை. மூவரும் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை தேடினார்கள். கடைசியில் பலகுரல் என்று முடிவானது.

“எனக்கு ஒரு குரல்தான் சார்” என்றேன், பீரோவுக்குப் பின்னாலிருந்தே. அதுவும் ஆள் இல்லாதபோது மட்டும்.

“அந்த ஒண்ணும் பலதுல சேந்ததுதானே?” என்றார்கள் டீச்சர் அம்மா. கணக்கில் நான் வலுவில்லாதவன். ஒத்துக்கொண்டேன்.

கார்டு வந்தது. கையோடு மகளை மதுரைக்குக் கூட்டிப்போனேன். விடுதிப் பொறுப்பாளர் அம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பலகுரலா? அப்பா யார் யார் மாதிரியெல்லாம் பேசுவாரு?” என்று ஆசையாகக் கேட்டார்கள்.

“வீட்டுல அவரு மாதிரியே பேச மாட்டாரு மேடம்” என்றாள் மகள்.

அவர்கள் சிரித்துக்கொண்டே பதிவேட்டில் பேரை எழுதி, இரண்டாவது மாடியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். மாடிக்கு ஆண்கள் போகக் கூடாது. மகள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் தெருவுக்கு வந்து, எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

அப்போது மேலே ஒரு ஜன்னல் திறந்தது.

“அப்பா! ஜன்னலோரக் கட்டிலு! சாப்பிடாம பஸ் ஏறாதீக! அம்மாட்ட அழுகலைன்னு சொல்லுங்க! அழுதேன், ஆனாச் சொல்லாதீக!”

தெருவில் போன இரண்டு சைக்கிள் நின்றன. டீக்கடையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாய் ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்தது. என்ன குரல். ஸ்பீக்கர் வேண்டாம், மோட்டார் ரூம் வேண்டாம், ஊரே பார்த்தாலும் அவளுக்குக் கூச்சமில்லை. ஒரே வாரத்தில் மதுரைத் திராட்சை பூராவையும் விற்றுவிடுவாள்.

அவள் நர்ஸாகப் போகிறாள்.

கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, சாப்பிட ஓட்டல் தேடிப் போனேன்.