சிரிக்கிற சம்பந்தியும் சிரிக்காத சம்பந்தியும்

கலியாண வீட்டுக்கு விடியவே முதல் ஆளாக வந்து, எல்லோரும் கை கழுவிய பிறகு அடிச்சட்டியில் மிஞ்சியதைத் தின்கிற தொழில், படம் எடுக்கிற தொழில். லண்டனில் கமரா தூக்கித் திரிகிற சக ஜீவன்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண்ணின் மாமி சரியாகத் தாலி கட்டுகிற நேரம் பார்த்துத் தன் ஃபோனோடு குறுக்கே வந்து நிற்பார். ஐயர் ஓமப் புகையைக் கிளப்பி எல்லார் முகத்தையும் மறைப்பார். கடைசியில், "என்ன பிள்ளை, என்ர முகம் இப்பிடிக் கறுத்துப்போய் விழுந்திருக்கு?" என்ற பேச்சு மட்டும் எங்களுக்கு.

நான் ரெய்னர்ஸ் லேனில் இருந்து இந்தத் தொழிலைச் செய்கிறேன். என் உதவியாளர் என் கணவர். வார நாட்களில் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற அவர், சனி ஞாயிறுகளில் எனக்கு லைற் ஸ்டாண்ட் தூக்குவார். சம்பளம் இல்லாத வேலை என்பதால் கருத்துச் சொல்லும் உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்துவார்.

எங்கள் தமிழ் ஆட்களின் கலியாணங்களைப் பற்றி எழுதினால் எனக்கு அடுத்த வேலை வராது. ஆகவே ஒரு வெளிக் கலியாணத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளை கைல், அமெரிக்கர். பெண் நாஸ்தியா, ரஷ்யப் பிள்ளை. இருவருக்கும் லண்டனில் ஒரே அலுவலகம். கூட வேலை செய்த எங்கள் பொடியன் ஒருவனின் கலியாணத்துக்கு ஆர்ச்வே கோயிலுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே நான் கதிரையில் ஏறி நின்று மொத்தச் சனத்தையும் அதட்டி வரிசையில் நிறுத்தியதைப் பார்த்து, எங்களுக்கும் இந்தப் பெண்தான் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்களாம்.

காரணம் கேட்ட மணமகள்

கலியாணத்துக்கு முன்னால் சோடியாக நிற்க வைத்துப் படம் எடுக்கிற வழக்கம் இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டது. ஒரு பூங்காவுக்குப் போனோம். கைல் கமராவைப் பார்த்துச் சிரித்தார். வழியில் போன கிழவரைப் பார்த்துச் சிரித்தார். யாரோ கூட்டிவந்த நாயைப் பார்த்தும் அதே சிரிப்பு. நாஸ்தியா பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். "கொஞ்சம் சிரிக்கலாமே" என்றேன். "எதற்கு? சிரிப்பதற்கு ஏதாவது நடந்ததா?" என்று உண்மையாகவே கேட்டாள்.

அவர்கள் ஊரில் காரணம் இல்லாமல் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்தால் ஒன்றில் மூளை சரியில்லை, அல்லது ஏதோ விற்க வந்தவன் என்றுதான் எடுப்பார்களாம். சிரிப்பு சொந்த ஆட்களுக்கு மட்டும். கைலின் ஊரிலோ கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்காவிட்டால் வீட்டில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்பார்களாம். நான் என் வித்தைகள் எல்லாவற்றையும் காட்டிக் களைத்துப்போன நேரத்தில், அந்த நாய் கைலின் கையில் இருந்த ஐஸ்கிரீமை ஒரே நக்கில் முடித்தது. நாஸ்தியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கிடைத்ததை அள்ளிக்கொண்டேன்.

போகும்போது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மற்றப் படங்களை உங்கள் விருப்பப்படி எடுங்கள். எனக்கு ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். என் அம்மாவும் கைலின் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படம். என்னைத் தனியாளாக வளர்த்தவர் அம்மா. இந்தக் கலியாணத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் படத்துக்கு இருந்தாரென்றால் மனதார ஒத்துக்கொண்டார் என்று நான் நிம்மதியாகப் போவேன்." அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் நானும் பெரிய மனுசி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன். வான் வண்டியில் ஸ்டாண்டை ஏற்றிய என் கணவர் சொன்னார்: "எங்கட அம்மா பல்லுக் காட்டாத மருமகள்தான் வேணுமெண்டு நிண்டவ. இந்தப் பிள்ளையைக் கண்டிருந்தா உமக்கு இடமில்லை."

பன்னிரண்டு ரோஜா

இரண்டு தாய்மாரும் முதன்முதலாகச் சந்திப்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்று கைல் ஆசைப்பட்டார். விமான நிலையத்துக்குப் போனோம். அவருடைய தாய் லிண்டா முதல் நாளே வந்துவிட்டார். கையில் பன்னிரண்டு சிவப்பு ரோஜா, முகம் நிறையச் சிரிப்பு. நாஸ்தியாவின் தாய் கலீனா சாம்பல் நிறக் கோட்டோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் வண்டியை நிறுத்த முன்னமே லிண்டா கட்டிப்பிடித்துவிட்டார். கலீனா விளக்குக் கம்பம் மாதிரி அசையாமல் நின்றார்.

பூவை வாங்கினார். உதடு அசைய எண்ணினார். ஒன்றை உருவி எடுத்துப் பக்கத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். இவ்வளவையும் என் கமரா ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டிருந்தது. லிண்டாவின் முகம் சுண்டிப்போயிற்று. இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்தவர்களுக்குத்தான், கலியாணத்துக்கு ஆகாது என்று ஒன்றைக் குறைத்தார் என நாஸ்தியா அவசர அவசரமாக விளக்கினாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்களும் சம்பந்தி வீட்டுக்குத் தட்டுக் கொண்டுபோனால் ஒற்றைப்படையில்தானே கொண்டுபோகிறோம். ஆனால் டசின் கணக்கில் ரோஜா விற்கிற ஊரில் பிறந்த லிண்டாவுக்கு, தன் பூ குப்பையில் விழுந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. கலீனாவின் பக்கக் கவலை வேறு. கார் நிறுத்துமிடத்தில் மகளிடம் அவர் சொன்னதை நாஸ்தியாவே என் காதில் போட்டாள்: "எண்ணிப் பார்க்காமல் பூ வாங்குகிற குடும்பத்தில் நீ எப்படிக் காலம் தள்ளப் போகிறாய்?"

வடை விமர்சனம்

கலியாண நாளின் நேர ஒழுங்கு பேச எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கலீனா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீட்டுச் செருப்பு எங்கே என்று சைகையில் கேட்டார். என் கணவரின் குளியலறைச் செருப்பைக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி நடந்தார். லிண்டா சப்பாத்தோடு கம்பளம் வரைக்கும் வந்து, எங்கள் காலைப் பார்த்து, ஐயோ என்று திரும்பி ஓடினார்.

வடை வைத்தேன். லிண்டா ஒரு கடி கடித்து, வாழ்க்கையில் இப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை, அற்புதம் என்றார். அதற்கு முன்னால் என் திரைச்சீலையும் சுவர் மணிக்கூடும் அற்புதமாகத்தான் இருந்தன. கலீனா கடித்தார், மென்றார், "எண்ணெய் அதிகம்" என்றார். அதை மொழிபெயர்த்த நாஸ்தியா வெட்கத்தில் சிவந்துபோனாள். போகும்போது லிண்டா என் கையைப் பிடித்து, "அவருக்கு எங்களைக் கண்டாலே பிடிக்கவில்லை, என் மகனைத்தான் நினைத்துப் பயமாக இருக்கிறது" என்று சொன்னார். பாவமாக இருந்தது.

பிறகு கதிரைகளை ஒதுக்கும்போது குஷனுக்குப் பின்னால் லிண்டாவின் வடை கடதாசியில் சுற்றியபடி கிடந்தது. கலீனாவுக்கு முன்னால் வைத்த தட்டில் தூள்கூட இல்லை. ஒருவருக்கு மனம் நோகாமல் பேசுவது மரியாதை, மற்றவருக்குப் பொய் சொல்லாமல் பேசுவது மரியாதை. நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்க, உதவியாளர் கருத்துச் சொன்னார்: "ஒராள் நல்லமெண்டு சொல்லிப்போட்டு ஒளிக்கிறா, மற்றவ கூடாதெண்டு சொல்லிப்போட்டு முடிக்கிறா. இவ்வளவு காலமா உம்மட சமையலுக்கு இந்த ரெண்டையும் நான் தனி ஆளாச் செய்யிறன்."

தோழன் வாய் திறந்தான்

அமெரிக்கர்கள் கலியாணத்துக்கு முதல் நாள் மாலை ஒரு ஒத்திகை விருந்து வைப்பார்கள். இன்னும் நடக்காத கலியாணத்துக்கு இன்றைக்கே என்ன கொண்டாட்டம், கண்பட்டுப் போகாதா என்று கலீனாவுக்கு வந்தபோதே முகம் சரியில்லை. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளைத் தோழன் தலைப்பாகையோடு வாயை மூடிக்கொண்டு இருப்பான். அதன் அருமையை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

கைலின் தோழன் மைக்கைப் பிடித்தான். கைல் படிக்கிற காலத்தில் எத்தனை பெண்களிடம் மனதைப் பறிகொடுத்தான், குடித்துவிட்டு யார் வீட்டுக் கூரையில் ஏறிப் பாட்டுப் பாடினான் என்று விலாவாரியாக எடுத்துவிட்டான். அவர்கள் வழக்கத்தில் நண்பனை இப்படிக் கிண்டல் செய்வதுதான் பாசம். அமெரிக்க மேசைகள் அதிர்ந்தன. லிண்டா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ரஷ்ய மேசையில் நாஸ்தியாவின் ஒன்றுவிட்ட தங்கை வேரா ஒரு சொல் விடாமல் கலீனாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, அதுதான் வினை.

கலீனா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். நாஸ்தியா பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "நாளைக்கு எனக்காக வருவார். ஆனால் அவர்களோடு ஒரு படத்துக்கும் இருக்கமாட்டாராம். என்னையும் இன்னொரு முறை யோசிக்கச் சொல்கிறார்" என்றாள். கோட்டு மாட்டுகிற இடத்தில் நின்ற கலீனா, என்னைப் பார்த்ததும் வேராவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்: "நண்பனே இவனைப் பற்றி இப்படிச் சொன்னால், எதிரி என்ன சொல்லுவான்?"

பயணத்துக்கு முன் இருத்தல்

மறுநாள் காலை நாஸ்தியாவின் ஃபிளாட்டுக்குப் போனோம். பெண் வெள்ளை உடையில் இருந்தாள். கலீனா கோட்டைப் போட்டுக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார். கீழே டாக்ஸி நின்றது. பதிவாளர் அலுவலகத்தில் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு நேரம்தான். பிந்தினால் அடுத்த சோடியைக் கூப்பிட்டுவிடுவார்கள். எல்லோரும் கதவடிக்கு வந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் கலீனா ஏதோ சொல்ல, எல்லோரும் திரும்பி வந்து ஆளுக்கோர் இடத்தில் குந்தி இருந்தார்கள். தேன்நிலவுக்குக் கட்டிவைத்த சூட்கேஸில் நாஸ்தியா, சப்பாத்துத் தட்டின் மேல் வேரா, சோபாவில் கலீனா. எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். என் கணவர் கமராப் பெட்டியில் குந்தினார். தூரப் பயணம் போக முன் எல்லோரும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்து எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் பயணம் சரிவராது, இன்றைக்கு அம்மாவை விட்டு நான் போகிற பயணம் என்று நாஸ்தியா என் காதில் குசுகுசுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

திறந்து கிடந்த கதவால் லிண்டா வந்தார். இரவல் வாங்கிய பொருள் ஒன்றை மணமகள் அணிவது அவர்கள் சம்பிரதாயம். அதற்காக, உடையில் குத்துகிற தன் முத்து ஊசியைக் கொண்டுவந்திருந்தார். அவர் கண்டது இதைத்தான்: சூட்கேஸில் இருக்கிற மணமகள், கோட்டுப் போட்ட தாய், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. "நீங்கள் போகப் போகிறீர்களா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் பேசக்கூடாதென்பதால் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான், லிண்டா அப்படியே தரையில் இருந்துவிட்டார். கண் மை வழிய வழிய அழுதார். "நேற்று நான் சிரித்திருக்கக் கூடாது. அந்தப் பொடியன் சொன்னதெல்லாம் வெறும் பகிடி. என் மகன் உங்களோடு பேசுவதற்காக உங்கள் மொழியைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று படிக்கிறான். அவனை விட்டுவிட்டுப் போகாதீர்கள்" என்றார்.

வேரா வழக்கத்தை மீறி மெல்லிய குரலில் மொழிபெயர்த்தாள். கலீனா லிண்டாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சோபாவில் நகர்ந்து இடம் விட்டு, கையைப் பிடித்துத் தூக்கித் தன் பக்கத்தில் இருத்தினார். தன் கைக்குட்டையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். லிண்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அந்தக் கையை விடவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. எழும்பக்கூடாது என்பதால், மடியில் கிடந்த கமராவைக் கண்ணில் வைக்காமலே பொத்தானை அமத்தினேன்.

கலீனா முழங்காலைத் தட்டி எழுந்த பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறந்தது. படியால் இறங்க இறங்க நாஸ்தியா விளக்கம் சொல்ல, லிண்டா அழுகையும் சிரிப்புமாக வந்தார். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது கலீனா மகளிடம் சொன்னது: "நேற்று வரைக்கும் இந்த மனுசியின் பல்லை மட்டும்தான் பார்த்தேன், இன்றைக்குத்தான் ஆளைப் பார்த்தேன்."

கலியாண அல்பத்தின் முதல் பக்கத்துக்கு நாஸ்தியா அந்தப் படத்தைத்தான் எடுத்தாள். படம் சாய்ந்திருக்கிறது, ஒரு மூலையில் என் கணவரின் முழங்கால் தெரிகிறது. முழங்காலை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவரும் எங்களோடு இருந்தவர்தானே என்று கலீனாவிடம் இருந்து பதில் வந்தது. அன்றிலிருந்து உதவியாளரின் கருத்துகள் இன்னும் கூடிவிட்டன.

"கொஞ்சம் சிரியுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்திப் பிழைக்கிற ஒருத்தி எடுத்த படங்களில் ஆகத் திறமானது, ஒருவரும் சிரிக்காமல், அவளும் பார்க்காமல் விழுந்த படம் என்பதைத் தொழிலில் இருக்கிற நீங்களாவது வெளியில் சொல்லிவிடாதீர்கள்.