எத்தனை சர்வர் ஓடுது?

போன வாரம் நான் ஒரு பரீட்சை ஹாலில் நின்றேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அங்கே என்ன வேலை?

எல்லாம் என் கொழுந்தியா செசிலியால் வந்தது.

தாடிக்கொம்பில் இருக்கிறாள். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. இனி பில் போட ஆள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். "சர்வர் பயிற்சி பாஸ் பண்ணினால் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால்..." என்று இழுத்தார்களாம். அந்த 'இல்லையென்றால்'தான் அவளைப் படிக்க வைத்தது.

சர்வர் என்றால் ஆஸ்பத்திரியின் கணக்கு வழக்கு, எக்ஸ்ரே படம் எல்லாம் சேர்த்து வைக்கிற பெரிய கம்ப்யூட்டர். எனக்குத் தெரிந்த சர்வர் வேறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிட்டிருக்கிறீர்களா? தோளில் துண்டோடு வந்து உங்களுக்குத் தண்ணீர் வைத்தது நானாகக்கூட இருக்கலாம்.

பரீட்சையன்று அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். சர்வரைத் தூக்கி, ரேக் என்கிற இரும்பு அலமாரியில் பொருத்தி, ஓடவைத்துக் காட்ட வேண்டும். கனமான பெட்டி. ரெண்டு பேராகத்தான் தூக்க வேண்டும் என்பது விதி. செசிலியோடு சேர்ந்து தூக்க வேண்டிய பெண்ணுக்கு அன்றைக்குப் பார்த்து அம்மை!

மாடியிலிருந்து குரல் வந்தது. "மச்சான், மேல வாங்க. ஒரு பக்கம் பிடிச்சாப் போதும்."

"ஏ புள்ள, எனக்குக் கூச்சமா இருக்கு."

"பொண்ணு பாக்கவா கூப்பிடுறேன்? பொட்டி தூக்கத்தானே! வாயத் திறக்காம நில்லுங்க, அம்புட்டுத்தான்."

பயிற்சி கொடுக்கிறவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். கறார் ஆசாமி. "தெரியாத ஆளுங்க தொடக் கூடாதுங்க" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"சர்வர் சார்."

முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம லைனுங்களா! எத்தனை வருசமாங்க?"

"இருபதுக்கு மேல சார்."

"சீனியருங்க! உங்க இடத்துல எத்தனை சர்வர் ஓடுது?"

"ஏழு."

"லோடு தாங்குதுங்களா?"

"மத்தியானம்தான் மூச்சு முட்டும் சார். ஞாயித்துக்கிழமைன்னா பக்கத்து ஊரு எரியோட்டுல இருந்து ரெண்டு பேரு வருவாங்க."

"சப்போர்ட் டீமே இருக்குதுங்களா! அப்பப் பிடிங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செசிலி சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லலாம்தான்... சொன்னால் அவள் பரீட்சை போச்சே! கூச்சக்காரனுக்கு ஒரு வசதி — வாய் மூடியிருக்கும்வரை ஊர் அவனை விஷயம் தெரிந்தவன் என்றே நம்பும்.

தூக்கினோம். என் வாய் அங்கேதான் காலை வாரியது.

கையில் பாரம் ஏறினால் எனக்குக் கூச்சம் போய்விடும். பிரியாணி அண்டாவை ரெண்டு பேராகத் தூக்கித் தூக்கி வந்த பழக்கம். "சூடு! சூடு! வழி வழி வழி!" என்று ஹாலே அதிரக் கத்திவிட்டேன். கறார் ஆசாமி ஒரே தாவில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பெட்டி ரேக்குக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ரெண்டு பக்கமும் 'டக்'. மற்றதெல்லாம் செசிலி. ஒயர்களைச் செருகினாள், பட்டனை அழுத்தினாள். மஞ்சள் விளக்கு மினுக்கியது... மினுக்கியது... பச்சை! பிரியாணி அண்டாவைத் தம் உடைத்துத் திறந்ததும் வாசம் வருமே, அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

கறார் ஆசாமி மட்டும் சிரிக்கவில்லை. "ரிசல்ட் திங்கக்கிழமைங்க" என்றார்.

வண்டியில் வரும்போது செசிலி காதருகே புலம்பினாள். "கல்யாண வீட்டுலகூட உங்க குரலக் கேட்டதில்ல மச்சான். இன்னிக்குத்தானா வரணும்? நான் ஃபெயிலானா உங்க ஓட்டலுக்கே வேலைக்கு வந்துருவேன், பாத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானக் கூட்டம். நாலாம் டேபிளில் குடும்பத்தோடு யார்? அந்தக் கறார் ஆசாமியேதான்! நான் அண்டாவுக்குப் பின்னால் பதுங்கினேன். முதலாளி விடுவாரா? "ஏலே, அங்க என்ன தேடுற? நாலாம் டேபிளப் பாரு!"

"சர்வர்!" என்று இலையைப் பார்த்தபடியே கூப்பிட்டார் அவர். போய் நின்றேன். நிமிர்ந்தார். என் துண்டைப் பார்த்தார். தண்ணீர் ஜக்கைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"சார்... நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். செசிலி மேல தப்பு இல்ல சார்..."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பச்சை லைட்டு எரிய வெச்சது அவங்கதானுங்களே? நீங்க ஒரு பக்கம் பிடிச்சதுக்கு நான் மார்க்கே போடலைங்க. நாளைக்கு ரிசல்ட் வரும், தைரியமா இருக்கச் சொல்லுங்க."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனுஷர் அதோடு விட்டாரா?

"அது கெடக்குதுங்க... ஏழு சர்வரும் நல்லா ஓடுதுங்களா?"

கையில் ஜக்கு கனமாக இருந்தது. பேச்சு தானாக வந்தது.

"ஆறுதான் சார். ஒண்ணு டவுன். காய்ச்சல்."