பச்சை உடம்புக்குத் தண்ணீர்

தெற்குக்கோடித் தீவில், கேம்பல் பே ஜெட்டியில் கால் வைத்ததும் மங்கையர்க்கரசி முடிவு செய்துவிட்டாள்: இனி செத்தாலும் கப்பல் ஏறுவதில்லை. போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் ஏறியதிலிருந்து குடலே வாய்க்கு வந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஆராய்ச்சியாவது மண்ணாங்கட்டியாவது! டெலானிபூர் குவார்ட்டர்ஸில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டிய வயது.

ஆனால் வராமல் இருக்க முடியவில்லை. போர்ட் பிளேரில் நர்ஸ் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் அவள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடும் வழக்கத்தைப் பற்றி, குடியேற்றக் கிராமம் ஒன்று விடாமல் போய்க் கேட்டுக் கட்டுரை எழுதியவள். நாக்கு வறண்டு ஜுரத்தில் கிடந்த பெண்களைப் பார்த்து வயிறு எரிந்துதான் அதில் இறங்கினாள். சென்னையில் அதை வாசித்தபோது பெரிய பெரிய மேடம்கள் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். கேம்பல் பேயில் குடியேறிய பட்டாளத்துக் குடும்பங்களில் இந்த வழக்கம் ஒழிந்தே போயிற்று என்று எழுதியிருந்த இடம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையே வகுப்பிலும் சொன்னாள். மாணவிகள் பரீட்சையிலும் எழுதினார்கள். அவளிடம் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த சுசீலாவும் அதை நம்பி, தாய்மார்களிடம் தண்ணீர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தச் சுசீலாதான் போன மாதம் லீவில் போர்ட் பிளேர் வந்து அழுதாள்.

"டீச்சர், பிள்ளை பெத்தவங்க வரிசையா ஜுரத்துல விழறாங்க. ஒருத்தி போயே போயிட்டா. தண்ணி குடிக்கிறீங்களான்னு இப்ப கேட்டாலும் 'ஜி ஹான், ஜி ஹான்'னு ஆமாம் போடறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல."

அன்றிலிருந்து மங்கையர்க்கரசிக்குச் சோறு இறங்கவில்லை. தான் எழுதியது தப்பாக இருந்தால் அந்தச் சாவில் தனக்கும் பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாழாய்ப்போன பயணம்.

சுசீலா அவளைச் சரசு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சரசு அந்த வாரம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். அவள் புருஷன் சண்முகம், பழைய ஹவில்தார், வாசலில் விறைப்பாக நின்றான்.

"சப் டீக் ஹை, மேடம்! எல்லாம் சரியா நடக்குது. வெந்நீர் ஆறவெச்சு வேணும்கிற அளவு குடுக்கறோம்."

உள்ளே பாயில் படுத்திருந்த சரசு தலையை ஆட்டினாள். கட்டுரைக்காக மங்கையர்க்கரசி முதல் தடவை வந்தபோதும் இப்படித்தான். வெள்ளை யூனிபாரத்தோடு அவள் கேட்க, புருஷன்மார் முந்திக்கொண்டு பதில் சொல்ல, பெண்டாட்டிகள் தலையாட்டினார்கள். பரேடு போல அத்தனையும் ஒழுங்கு. அதைப் பார்த்து அன்றைக்குப் பூரித்துப்போனாளே, மடச்சி!

அடுத்த கேள்வி கேட்க அவளுக்குத் தெம்பில்லை. சரசுவின் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா. வாந்தி எடுத்து எடுத்து நாக்கு ஒட்டிக்கிச்சு."

மாமியார் சுப்பம்மாள் சொம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மேடத்துக்கு இளநீர் பறிக்கச் சண்முகம் கொல்லைப்பக்கம் ஓடினான். மங்கையர்க்கரசி அண்ணாந்து குடித்தாள். குடித்துக்கொண்டே பார்த்தால், ஒவ்வொரு மடக்குக்கும் சரசுவின் தொண்டையும் ஏறி இறங்கியது. உதடு வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"அக்கா," என்றாள் சரசு, அடுப்படியைப் பார்த்துக்கொண்டே. "மிச்சம் இருக்கா?"

மங்கையர்க்கரசி அவள் தலையைத் தூக்கிச் சொம்பை வாயில் வைத்தாள். அடப்பாவமே, அந்தப் பெண் குடித்த குடி! பாதி கழுத்தில் வழிந்தது.

"ஐயையோ, பச்சை உடம்பாச்சே! வயிறு ஊதிடுமே!" சுப்பம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "பட்டாளத்துக்காரன் வீட்டுல பட்டிக்காட்டு வழக்கம்னு மெயின்லேண்டுல சிரிப்பாங்க, குடுக்கறோம்னு சொல்லிடணும்னு இந்த ஆம்பளைங்கல்லாம் பேசி வெச்சிருக்காங்க. அதுக்காக நெசமாவே குடுப்பாங்களா?"

சுசீலா டீச்சரைப் பார்த்தாள்.

"நான் எழுதினது தப்பு, சுசீலா," என்றாள் மங்கையர்க்கரசி. "சென்னைக்கு எழுதிடறேன். வகுப்புலயும் நானே சொல்றேன். இனிமே எவளும் கேள்வியத் தூக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள போகக்கூடாது. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு உக்காந்து பாக்கணும்."

"நீங்க வேணும்னேவா செஞ்சீங்க, டீச்சர்? கொஞ்சம் படுங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"செத்துப்போனாளே ஒருத்தி, அவ வீடு எது?"

"எதுக்கு டீச்சர்?"

"காட்டு. அங்கதான் மொதல்ல சொல்லணும்."